முந்நூறு அடி மண்

முதல் நூறு அடிக்கு ஒன்றுமே நடப்பதில்லை. சங்கிலி நிமிர்ந்து விறைக்கிறது. பின்னால் கட்டிய பளுவண்டி ஒரு முனகலோடு அசைகிறது. எண்பது வயதான சிவப்பு டிராக்டர், சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போவதுபோல நிதானமாக நகர்கிறது. கம்பிவேலிக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர்கள் சோளப்பொரியைக் கொறித்தபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நூற்றைம்பது அடி வந்ததும் பேச்சு நிற்கிறது, ஏனென்றால் சத்தம் மாறிவிட்டது. ஒரே இழையாக ஓடிய எஞ்சினின் சுருதி படிப்படியாக இறங்குகிறது. புகைபோக்கியிலிருந்து வரும் வெடிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருக்கிறது. முன்சக்கரங்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்புகின்றன. ஓட்டுநர் கிளட்சைத் தொடவில்லை. தொட்டால் எல்லாம் முடிந்தது. இருநூற்று நாற்பதாவது அடியில் எஞ்சின் கடைசியாக ஒருமுறை இருமிவிட்டு அடங்குகிறது. நடுவரின் சிவப்புக் கொடி எழுகிறது. முந்நூறு அடியைத் தொட்டிருந்தால் அது ‘முழு இழுவை’. அறுபது அடி குறைந்துபோயிற்று.

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் கோடைகாலக் கண்காட்சிகளில் வழக்கமாகக் காணும் காட்சி இது. இந்த அத்தியாயத்தின் கேள்வி: அந்த அறுபது அடியை எங்கே போய்த் தேடுவது?

நகர நகர கனக்கும் வண்டி

டிராக்டர் வருமுன்பே இந்தப் போட்டி இருந்தது. அன்று இழுத்தவை குதிரைகள். டிராக்டர்களை வைத்து நடந்த முதல் போட்டிகளாக 1929-ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலத்தின் பௌலிங் கிரீனிலும் ஒஹையோவின் வான்ஸ்வில்லிலும் நடந்தவற்றைச் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பளு ஒரு தட்டையான சறுக்குப்பலகை. வழிநெடுக ஆட்கள் நின்றிருப்பார்கள். பலகை தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதில் ஏறிக்கொள்வார்கள். தூரம் கூடக் கூட பாரமும் கூடும். 1969-இல் விதிகளை ஒழுங்குபடுத்த தேசிய டிராக்டர் இழுவைச் சங்கம் உருவானது. அதை ஒட்டிய ஆண்டுகளில் ஆட்களின் வேலையை இயந்திரமே எடுத்துக்கொண்டது.

இன்றைய பளுவண்டி எளிய தந்திரம் ஒன்றில் இயங்குகிறது. அதன் பின்பக்கம் சக்கரங்கள். முன்பக்கம் மண்ணில் படியும் அகலமான இரும்புத் தட்டு. மேலே, சாய்வான தண்டவாளத்தில், பல டன் எடைகொண்ட பெட்டி. புறப்படும்போது பெட்டி சக்கரங்களுக்கு நேர்மேலே இருப்பதால் பாரம் உருளுகிறது, இழுப்பது எளிது. வண்டி நகர்ந்தால் அதன் சக்கரங்களின் சுழற்சியே பெட்டியை முன்னோக்கி ஏற்றுகிறது. பாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கரத்திலிருந்து தட்டுக்கு இடம் மாறுகிறது. உருண்டுகொண்டிருந்தது உராயத் தொடங்குகிறது. எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை. எடை அழுத்தும் இடம்தான் மாறியது. டிராக்டருக்கோ மலை வளர்வதுபோல இருக்கும்.

இந்த விளையாட்டின் உச்சப் பிரிவுகளில் நான்கைந்து எஞ்சின்களைப் பூட்டிய அசுரர்களும், விமானச் சுழலி பொருத்தியவையும் இழுக்கின்றன. நமக்கு அவை வேண்டாம். பழைய டிராக்டர்களுக்கென்று தனிப் பிரிவுகள் உண்டு. அங்கே பணத்தைவிடப் பட்டறைப் பொறுமைக்கு மதிப்பு அதிகம். இயற்பியலும் வெளிப்படையாகத் தெரியும்.

ஒரு ஃபார்மால் எம்

உதாரணத்துக்கு, இந்தத் திடல்களில் அடிக்கடி தென்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் ஃபார்மால் எம். (1963-இல் மஹிந்திரா டிராக்டர் செய்யத் தொடங்கியபோது கைகோத்தது இதே நிறுவனத்துடன்தான்.) 1939 முதல் 1952 வரை இரண்டரை லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 98.4 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 133 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு சுமார் 4,060 சி.சி.

விட்டத்தைவிட ஏற்றம் எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். இன்றைய கார் எஞ்சின்களில் பலவற்றில் இரண்டும் ஏறத்தாழ சமம். நீண்ட ஏற்றம் என்றால் கிராங்கின் கை நீளம். கை நீண்டால் மெதுவாகச் சுற்றும்போதே முறுக்கு கிடைக்கும். கொழு இறுகிய மண்ணில் மாட்டும்போது எஞ்சின் நின்றுவிடாமல் திணறியபடியே இழுத்துத் தீர வேண்டும். உழவுக்காகச் செய்த அந்த ஏற்பாடுதான் இழுவைத் திடலில் இதற்கு மறுபிறவி கொடுத்தது.

முழுச் சுமையில் இதன் வேகம் நிமிடத்துக்கு 1,450 சுற்று. அதற்குமேல் போகாமல் கவர்னர் பிடித்துக்கொள்ளும். நெப்ராஸ்கா மாநிலச் சட்டப்படி அங்குள்ள பல்கலைக்கழகம் 1920 முதல் டிராக்டர்களை அளந்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. விற்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. அந்தச் சோதனைகளின்படி பெட்ரோல் எம்-மின் திறன் ஏறக்குறைய 36 குதிரைத்திறன்.

இது போதுமா? மண்ணைக் கேட்போம். போட்டியின் 5,500 பவுண்டுப் பிரிவில் டிராக்டரின் எடை சுமார் 2,500 கிலோ. நல்ல களிமண் தளத்தில் அந்த எடையின் முக்கால் பங்கு அளவுக்கு இழுவிசை கிடைப்பதாகக் கொள்வோம்: ஏறத்தாழ 18,400 நியூட்டன். மணிக்கு 3 மைல், அதாவது வேகமாக நடக்கும் மனிதனின் வேகத்தில் அப்படி இழுக்க 33 குதிரைத்திறன் வேண்டும். ஆனால் சக்கரம் வழுக்காமல் இழுப்பதில்லை. ஐந்தில் ஒரு பங்கு வழுக்கலுக்குப் போகிறது என்றால் சக்கரத்துக்கு 41 தேவை. கியர்ப்பெட்டியில் இழப்பதையும் சேர்த்தால் எஞ்சின் தர வேண்டியது 45-ஐத் தாண்டும். நம்மிடம் இருப்பது 36. வேகத்தை இரட்டித்தால் தேவையும் இரட்டிக்கும்.

ஆக, பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

பெருக்குவது, நெருக்குவது, மூச்சுவிடச் செய்வது

எஞ்சினிலிருந்து கூடுதல் திறன் பெற வழிகள் மூன்று: கொள்ளளவைப் பெருக்குவது, கலவையை இன்னும் இறுக்கி நெருக்குவது, காற்று தாராளமாக வந்துபோக வழிவிடுவது.

முதலாவது எளிது. எம்-மின் சிலிண்டர்களில் கழற்றி மாற்றக்கூடிய ஸ்லீவ் உண்டு. அதை எடுத்துவிட்டு 4 அங்குல, அதாவது 101.6 மில்லிமீட்டர் ஸ்லீவும் பிஸ்டனும் போடலாம். 3 மில்லிமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் வளர்வதால் கொள்ளளவு ஆறரை சதவீதம் கூடி 4,320 சி.சி. ஆகிறது. 36 குதிரைத்திறன் 38 ஆயிற்று. பின்னால் வந்த சூப்பர் எம் மாடலில் நிறுவனமே இந்த விட்டத்தைத்தான் வைத்தது. இன்னும் பேராசை இருந்தால் கிராங்க் கிரைண்டிங் செய்யும்போது கழுத்தை மையத்திலிருந்து சற்று விலக்கிக் கடைந்து ஏற்றத்தையும் நீட்டலாம். ஆனால் சிலிண்டர் சுவர் மெலிவதும் கிராங்க் இளைப்பதும் இலவச இணைப்பாக வரும்.

இரண்டாவது, நெருக்கம். எம் பிறந்த காலத்தில் பல உழவர்கள் மலிவான மண்ணெண்ணெய் வகைகளில் வண்டி ஓட்டினார்கள். அவற்றை அதிகம் அழுத்தினால் தீப்பொறிக்குக் காத்திராமல் தாமாகவே வெடித்துவிடும். அதனால் பெட்ரோல் மாடலில்கூட நெருக்க விகிதம் 5-க்கும் 6-க்கும் இடையில்தான். இன்றைய எரிபொருள் 9 மடங்கையும் தாங்கும். வெப்ப இயக்கவியலின் இலட்சியக் கணக்கில், விகிதம் 5.5 என்றால் எரிபொருளின் வெப்பத்தில் 49 சதவீதம் வேலையாக மாறும். 9 என்றால் 58. அதே எரிபொருள், அதே காற்று; வேலை மட்டும் 18 சதவீதம் அதிகம். காரணம், இறுக்கத்திலிருந்து விரியும் வாயு அதிக தூரம் விரிகிறது. புகைபோக்கி வழியே வெளியேறும்போது அதனிடம் சூடு குறைவாகவே மிஞ்சுகிறது.

இதை எப்படிச் செய்வது? நம் ஊர் லேத் பட்டறையில் ஹெட் பேசிங் என்று சிலிண்டர் மூடியின் அடிப்பரப்பைச் சீவுவார்கள். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிதாக்கிய சிலிண்டர் ஒன்றில் பிஸ்டன் விலக்கும் இடம் 1,080 சி.சி. 5.5 மடங்கு நெருக்கத்துக்குப் பிஸ்டனின் உச்சிக்கு மேலே 240 சி.சி. காலியிடம் இருக்கும், 9 மடங்குக்கு 135 தான் இருக்க வேண்டும். 105 சி.சி.யைக் காணாமலடிக்க வேண்டும். மூடியில் ஒரு மில்லிமீட்டர் சீவினால் சுமார் 8 சி.சி. குறையும். கணக்குப்படி 13 மில்லிமீட்டர் சீவ வேண்டும். அதற்குள் தண்ணீர் ஓடும் அறையே திறந்துகொள்ளும். ஆகவே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் சீவிவிட்டு, மிச்சத்தைத் தலை உயர்ந்த பிஸ்டன் போட்டு நிரப்புவார்கள். மூடி இறங்கியதால் வால்வைத் தள்ளும் கம்பிகள் இப்போது நீளமாகிவிட்டன. அவற்றையும் குறைக்க வேண்டும். ஒரு திருகைத் தொட்டால் இன்னொன்று வந்து நிற்கும் என்பது பட்டறையின் முதல் பாடம்.

மூன்றாவது, மூச்சு. பழைய எம்-மில் காற்று உள்ளே வரும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒட்டிப் பிறந்தவை. மண்ணெண்ணெய் ஆவியாக வேண்டும் என்பதற்காகப் புகையின் சூட்டை வேண்டுமென்றே உள்வழிக்குக் கொடுத்தார்கள். பெட்ரோலுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. மேலும், சூடான காற்று விரிந்து இலேசாகிவிடும். 60 டிகிரி காற்றை 30 டிகிரிக்கு இறக்கினால் அதே கன அளவில் பத்து சதவீதம் அதிகக் காற்று அடங்கும். குழாய்களைப் பிரித்தும், உள்வழியை அராவி வழவழப்பாக்கியும், வால்வை அகலப்படுத்தியும் இதைச் சாதிக்கிறார்கள். 38 குதிரைத்திறன் நெருக்கத்தால் 45-ஐத் தொட்டது. குளிர்ந்த மூச்சு அதை 50-க்குக் கொண்டுவருகிறது. காகிதக் கணக்குதான், இரும்பில் கொஞ்சம் குறையும். ஆனாலும் மண் கேட்டது கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் ஆர்வக்கோளாறில் பலர் சறுக்குவது கேம் தண்டில். வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம், வேகமாகச் சுற்றும்போது அருமையாக மூச்சுவிடும். மெதுவாகச் சுற்றும்போதோ, பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உள்வால்வு மூடாமல் இருப்பதால், இழுத்த கலவையையே வந்த வழியில் திருப்பித் தள்ளும். முந்நூறு அடியின் கடைசி ஐம்பது அடி, எஞ்சின் திணறித் திணறி மெதுவாகும் நேரம். போட்டி முடிவாவதே அங்கேதான். உச்சத் திறனைக் காட்டும் எண்ணைத் துரத்தியவர், திணறும்போது கைகொடுக்கும் முறுக்கைத் தொலைத்திருப்பார்.

வேகத்தின் வட்டி

இன்னொரு குறுக்குவழி உண்டு: கவர்னரின் ஸ்பிரிங்கை இறுக்குவது. 1,450 சுற்று 2,200 ஆகட்டும். நிமிடத்தில் நடக்கும் வெடிப்புகள் ஒன்றரை மடங்கு. மூச்சு தாக்குப்பிடித்தால் 50 குதிரைத்திறன் 75-ஐ எட்டும். பத்து நிமிட வேலை. இவ்வளவு மலிவாக வேறெதுவும் கிடைக்காது. அதனால்தான் இதன் விலையை விசாரிக்க வேண்டும்.

பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்று திரும்புகிறது. பிஸ்டன், பின், ரிங்குகள் எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,450 சுற்றில், உச்சியில் நின்று திரும்பும் அந்த நொடியில், இணைப்புத் தண்டு அதைக் கீழே இழுக்கத் தேவையான விசை ஏறக்குறைய 290 கிலோ எடைக்குச் சமம். சுற்று இரட்டித்து 2,900 ஆனால் விசை இரட்டிக்காது, நான்கு மடங்காகும். ஒரு டன்னுக்கும் மேல். தண்டின் அடிமூடியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்டுகளின் மேல் அந்த டன், நிமிடத்துக்கு 2,900 முறை வந்து தொங்கும். வெடிப்பின் அழுத்தம் தண்டை நசுக்கத்தான் பார்க்கும். இந்த விசையோ பிய்க்கப் பார்க்கும். பழைய எஞ்சினில் தண்டு முறிந்து பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டை விழுவது பெரும்பாலும் இந்தப் பிய்ப்பினால்தான்.

பறக்கும் சக்கரத்துக்கும் (ஃப்ளைவீல்) அதே வர்க்கக் கணக்கு. அதன் விளிம்பைப் பிளக்கப் பார்க்கும் தகைவு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பழைய சக்கரம் வார்ப்பிரும்பு; அது நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பல ஆண்டுகளாகக் கிளட்சு உரசி உரசி வெப்பத்தால் மயிர்க்கோடுகள் விட்ட சக்கரம் ஒருநாள் சிதறினால், துண்டுகள் ஓட்டுநரின் கால்களுக்கு அருகிலிருந்து கிளம்பும். எஞ்சினை வேகமாகச் சுற்ற அனுமதிக்கும் பிரிவுகளில் எஃகுச் சக்கரமும், அதைச் சுற்றிக் கவசமும் கேட்பது இதற்காகத்தான். தங்கள் திடல்களில் யாரோ ஒருவருக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு எழுதிச் சேர்த்த வரிகளே இந்த விதிப்புத்தகங்களில் நிறைய.

கொக்கியின் உயரம்

தொளி உழவு செய்யும் டிராக்டரின் முன்பக்கம் தூக்குவதை நம் வயல்களில் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சேற்றில் சிக்கி நகராதபோது எஞ்சின் அச்சைச் சுற்ற முடியாமல் வண்டியையே அச்சின்மேல் சுற்றப் பார்க்கிறது. இழுவைத் திடலில் இந்த ஆபத்தைப் பழக்கிப் பயன்படுத்துகிறார்கள்.

நம் 2,500 கிலோ டிராக்டரின் எடையில் பத்தில் மூன்று பங்கு முன்சக்கரங்களில் இருக்கிறது என்போம். இரு அச்சுகளுக்கும் இடையே 2.26 மீட்டர். சங்கிலியை 20 அங்குல உயரத்தில், அதாவது 51 செ.மீ.யில் மாட்டி முழு விசையோடு இழுத்தால், முன்சக்கரத்தின் பாரத்தில் பாதிக்கும் மேல் பின்னுக்குப் போய்விடும். இது நல்லதே: பிடிப்பு வேண்டியது பின்சக்கரத்துக்கு. அதே சங்கிலியை 90 செ.மீ.யில் மாட்டினால் முன்சக்கரத்தின் பாரம் சரியாகப் பூஜ்யம். அதற்கு மேல் ஒரு விரல் உயர்ந்தாலும் டிராக்டர் ஓட்டுநரோடு மல்லாக்கக் கிளம்பும். பழைய டிராக்டர்ப் போட்டிகளில் கொக்கிக்கு 20 அங்குலம் பரவலான வரம்பாக இருப்பதும், பின்னால் தாங்குகம்பிகளைக் கேட்பதும் ஏன் என்று இந்தக் கணக்கு சொல்லும்.

ஆகவே போட்டியாளர் பார எடைத் துண்டுகளை அங்குமிங்கும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே இருப்பார். முன்னால் அதிகமானால் பிடிப்பு போகும். குறைந்தால் மூக்கு வானம் பார்க்கும், திசை திருப்ப முடியாது. முன்சக்கரம் ஒரு சாண் மட்டும் எழும்பி, அந்த உயரத்திலேயே முந்நூறு அடியும் மிதந்து போக வேண்டும். பார்வையாளர்களுக்கு அது சாகசம். ஓட்டுநருக்கோ, பாரம் முழுதும் பின்னுக்கு வந்துவிட்டதைச் சொல்லும் தராசு முள்.

மீதம் வைக்காத கலை

இப்போது பட்டியலைத் திரும்பிப் பாருங்கள். கொள்ளளவைக் கூட்டினோம், சுவர் மெலிந்தது. நெருக்கினோம், எரிபொருள் முந்திக்கொண்டு வெடிக்கப் பார்த்தது. வேகத்தைக் கூட்டினோம், போல்டுகள் பதில் சொல்ல வேண்டிவந்தது. எஞ்சின் முழுவதையும் கெட்டிப்படுத்தினால் கிளட்சு வழுக்கும். கிளட்சை இறுக்கினால் கியர்ப் பற்கள். பற்களும் தாங்கிவிட்டால் சக்கரம். ஒரு சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனம் என்று தேடி அதை மாற்றுவது முடிவே இல்லாத வேலை, ஏனென்றால் மாற்றிய மறுகணம் வேறொரு கண்ணிக்கு அந்தப் பட்டம் போய்விடுகிறது. எம்-மில் அந்த ஊர்வலம் கடைசியில் வந்து நிற்கும் கண்ணியை எந்தப் பட்டறையும் கடைந்து தர முடியாது. அது மண்.

எஞ்சினில் 75 குதிரைத்திறன் இருக்கட்டும், 150 இருக்கட்டும். இழுவிசைக்கு மண் கொடுக்கும் 18,400 நியூட்டன் மாறாது. அதற்கு மேல் வரும் முறுக்கெல்லாம் மண்ணை அறுத்துப் பின்னால் வீசும். சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். அதனால்தான் வேகத்துக்கு வரம்புள்ள பிரிவுகளில், எஞ்சினுக்குக் கொட்டிய பணம் ஓர் எல்லைக்குமேல் எந்த அடியையும் வாங்கித் தருவதில்லை. வேக வரம்பில்லாத பிரிவுகளிலோ உயர்ந்த கியரில் புறப்பட்டு, பாரம் ஏறுமுன் பளுவண்டிக்கே ஓர் ஓட்டத்தைக் கொடுத்துவிடலாம். அங்கே கூடுதல் திறனுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இந்த விளையாட்டில் தோற்பதற்கு இரண்டு வகை உண்டு. சக்கரம் மண்ணைக் கவ்வியிருக்க, எஞ்சின் மூச்சடங்கி நிற்பது ஒன்று. நாம் முதலில் பார்த்தது அதுதான். எஞ்சின் கர்ஜித்துக்கொண்டிருக்க, சக்கரம் குழியில் சுழல்வது இன்னொன்று. முதலாமவரிடம் பயன்படுத்தாத பிடிப்பு மிச்சமிருக்கிறது. இரண்டாமவரிடம் பயன்படுத்தாத திறன். இருவருமே எதையோ மிச்சம் வைத்துவிட்டுத்தான் தோற்றார்கள்.

அப்படியானால், நம் சிவப்பு டிராக்டர் அடுத்த முறை தேட வேண்டிய அறுபது அடி இந்த மிச்சத்தில் இருக்கிறது. எஞ்சினில் பத்து குதிரைத்திறன் கூட்டலாம். அல்லது ஒரு கியர் இறக்கிப் புறப்படலாம். அதற்குச் செலவே இல்லை. எதைச் செய்தாலும் குறி ஒன்றுதான்: எஞ்சின் அடங்கும் அதே நொடியில் சக்கரமும் வழுக்க வேண்டும், முன்சக்கரமும் அதே நொடியில் எடையற்று மிதக்க வேண்டும்.

போட்டி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திடலுக்குப் போனால், எஞ்சின் மூடியைத் திறந்து வைத்திருப்பவர்களைவிட, ஓடுதளத்தின் ஓரத்தில் குந்தியிருப்பவர்களைக் கவனியுங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்கி, விரலைத் திறந்து, அது உதிர்கிறதா உருண்டையாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு எழுந்துபோய் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவார்கள்.